யாருக்கு என்று எழுதிவிட்டுத்தான் பெட்டியை எடுப்பேன்

2019 தீபாவளிக்குத்தான் முதன்முதலாக வீட்டிலேயே பலகாரப் பெட்டி கட்டினேன். அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. அதுவரை கடையில் அரைக் கிலோ அட்டைப்பெட்டி வாங்கி வீடு வீடாகக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். அந்த வருடம் நாமே செய்வோம் என்று ஆரம்பித்து, 9 வீட்டுக்கு 9 ஓலைப்பெட்டி வாங்கி, எல்லாவற்றிலும் முறுக்கு, அதிரசம், ரவா லட்டு, மிக்சர் என்று ஒரே அளவில் நிரப்பி, மேலே சரிகை ரிப்பன் கட்டினேன். வரிசையாக வைத்துப் பார்க்கும்போது மனசு நிறைந்திருந்தது.

மூன்றாம் நாள் அத்தை போன் செய்தார். "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுட்டி. முறுக்கைத்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் குடுத்துட்டேன், நமக்குத்தான் கடிக்க முடியலையே" என்றார். அத்தைக்குப் பல் செட் வைத்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். தெரியாமல் செய்தது இல்லை, தெரிந்தும் பெட்டி நிரப்பும்போது அத்தை என் நினைவில் இல்லை, 9 என்ற எண்ணிக்கைதான் இருந்தது. அது என்னை ரொம்ப நாள் உறுத்தியது.

அடுத்த வருடம் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். மேலே யார் யார் இருக்கிறார்கள், வயது என்ன. அதற்குக் கீழே என்ன சாப்பிடுவார்கள், எது ஆகாது, போன தடவை என்ன சொன்னார்கள். இதைத் தீபாவளிக்கு முந்தைய வாரம் உட்கார்ந்து எழுத முடியாது. வருடம் முழுக்கப் பேச்சுவாக்கில் காதில் விழுவதை அன்றைக்கே குறிக்க வேண்டும். "மதினி வீட்டுப் பெரியவனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, உடம்பு தடித்துவிடும்" என்பது ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் தெரிந்துகொண்டது. அவர்கள் பெட்டிக்கான பலகாரத்தை இப்போது எல்லாவற்றுக்கும் முன்னால், கழுவிய சட்டியில், கடலை எண்ணெய் தொடாமல் தனியாகச் செய்து மூடி வைத்துவிடுகிறேன்.

சுகர் உள்ளவர்கள் விஷயத்தில் நானும் ஒரு தப்பு செய்திருக்கிறேன். பெரியப்பாவுக்குச் சுகர் என்பதால் சீனிப் பலகாரத்தை விட்டுவிட்டு, உடன்குடிக் கருப்பட்டி வாங்கி முந்திரிக்கொத்து செய்து கொடுத்தேன். கருப்பட்டி உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வதால் அவரும் நம்பித் தினம் நாலு சாப்பிட்டிருக்கிறார். கருப்பட்டியும் சர்க்கரைதான், இரத்தத்தில் போய் ஏற்றத்தான் செய்யும். பெரியம்மா சொல்லித்தான் எனக்கு உறைத்தது. அதற்கப்புறம் அவர் பெட்டியில் உப்புக் குறைத்து வறுத்த பாதாம், பொட்டுக்கடலைப் பொடி, இனிப்புச் சேர்க்காத சுக்குக் காப்பித் தூள், கொஞ்சம் கொய்யாப்பழம். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு இனிப்பு வேண்டுமே என்றால் அதைத் தனிப் பொட்டலமாக, பிள்ளைகள் பெயர் எழுதி வைத்துவிடுவேன். அதே பெட்டிக்குள் பெயரில்லாமல் வைத்தால் பெரியப்பா கை அங்கேதான் போகும்.

எதிர் வீட்டு அக்காவுக்கு 2021-இல் கட்டிய பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஜூனில் அவர் வீட்டுக்காரர் தவறிவிட்டார். எங்கள் பக்கம் துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு நல்ல நாள் கொண்டாட மாட்டார்கள், எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். கொடுக்கலாமா கூடாதா என்று குழப்பமாக இருந்ததால் ஆச்சியிடம் கேட்டேன். "குடுக்கத்தான் வேணும். அவங்க வீட்டுல சட்டி வைக்கக் கூடாதுல்லா, அப்போ நாமதானே குடுக்கணும். பூவும் பொட்டும் வைக்காம குடு, அந்தி சாய்ஞ்ச பெறவு போகாத, பகல்லயே போ" என்றார். சரி என்று ரிப்பன் இல்லாமல், சாயம் போடாத வெறும் ஓலைப்பெட்டியாக ஒன்றை எடுத்துவைத்தேன். உள்ளே என்ன வைப்பது என்றுதான் இரண்டு நாள் யோசனை. நாலாம் வகுப்புப் படிக்கும் சின்னவனுக்கு முந்திரிக்கொத்து பிடிக்கும் என்று நோட்டில் இருந்தது, அதில் 15. பெரியவளுக்குத் தட்டை. அக்காவுக்கு? அவர் அப்போதுதான் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார், காலை எட்டரைக்குக் கிளம்பிவிடுவார். அதனால் பருப்புப்பொடி கால் கிலோ, கறிவேப்பிலைப் பொடி கால் கிலோ, இட்லிப்பொடி அரைக் கிலோ என்று மூன்று பாட்டில் வைத்தேன். கொடுக்கும்போது அவர் எதுவும் சொல்லவில்லை, பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டிசம்பர் கடைசியில் ஒருநாள் மாடியில் துணி காயப்போடும்போது, "அந்த இட்லிப்பொடிதான் ஒரு மாசம் எங்க காலைச் சாப்பாடு, சட்னி அரைக்கிற வேலையே இல்ல" என்றார். பண்டிகைப் பெட்டிக்குள் பொடி வைக்கலாம் என்பதே எனக்கு அந்த வீட்டால்தான் தோன்றியது. இப்போது வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கிற எல்லா வீட்டுப் பெட்டியிலும் ஒரு பாட்டில் பொடி இருக்கும்.

அப்புறம் பெட்டி. நான் பிளாஸ்டிக் கூடை, மூங்கில் தட்டு எல்லாம் பார்த்துவிட்டு ஓலைப்பெட்டியிலேயே நின்றுவிட்டேன். பாளையங்கோட்டையில் இருப்பதால் திருச்செந்தூர், மணப்பாடு பக்கத்துப் பனையோலைச் சாமான் எனக்குச் சுலபமாகக் கிடைக்கிறது. காரைக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்குச் செட்டிநாட்டுக் கொட்டான் என்கிற பனையோலைப் பெட்டி உண்டு, புவிசார் குறியீடு பெற்ற சாமான் அது, வேலைப்பாடும் நுணுக்கம். எட்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரம் உள்ள பெட்டியில் இரண்டு கிலோ வரை தாங்கும். அதற்கு மேல் வைத்துக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் கைப்பிடி பின்னல் அவிழும், அடியில் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும். வாங்கியவுடன் உள்ளே முகர்ந்து பாருங்கள். நல்ல காய்ந்த ஓலைக்கு வைக்கோல் மாதிரி லேசான ஒரு வாசனை இருக்கும், சரியாகக் காயாததில் ஈர வாடை அடிக்கும். 2020-இல் மொத்தமாக வாங்கிப் பரணில் போட்டு, ஐப்பசி மழையில் எடுத்துப் பார்த்தால் அடியெல்லாம் பூஞ்சை. இப்போது ஆவணியிலேயே வாங்கி, இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்து, காய்ந்த வேப்பிலையோடு துணி மூட்டையில் கட்டி வைக்கிறேன். சாயம் போட்ட பெட்டி என்றால் ஈரத்துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்க்க வேண்டும். சிவப்புச் சாயம்தான் அதிகம் இறங்குகிறது, வெள்ளை ரவிக்கைத் துணி ஒன்று அப்படித்தான் வீணாகிப்போனது.

பெட்டியின் அடி குழிவாக இருக்கும், பாட்டில் நேராக நிற்காது. அடியளவுக்கு அட்டை வெட்டி, இரண்டாக ஒட்டி, பழைய பருத்தித் துணியில் சுற்றி உள்ளே போட்டுவிட்டால் தளம் கிடைத்துவிடும். கனமான பாட்டில் நடுவில், அதைச் சுற்றி இனிப்புப் பொட்டலம், மேலே முறுக்கு வகை. இடைவெளியில் சுருட்டிய காகிதம் போடுவதற்குப் பதிலாக நான் ஒரு சின்னத் துண்டோ ரவிக்கைத் துணியோ மடித்துச் செருகிவிடுவேன், அதுவும் கொடுக்கிற சாமான்தானே. செய்தித்தாளை மட்டும் பலகாரத்தில் படவிடாதீர்கள், மை எண்ணெயில் ஒட்டும்.

வாசனைச் சாமானையும் தின்பண்டத்தையும் ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. 2020 நவம்பர் 14 தீபாவளிக்கு, கொரோனாவால் யாரும் யார் வீட்டுக்கும் போகாத நேரம், பெட்டி பெரிதாக இருக்கட்டும் என்று கம்ப்யூட்டர் சாம்பிராணி, சந்தனச் சோப்பு, விளக்குத் திரி எல்லாம் சேர்த்து வைத்தேன். மைசூர்பாகு நெய் மணக்க மணக்க வந்திருந்தது. இரண்டு நாள் மூடிய பெட்டிக்குள் இருந்ததில் அந்த நெய் முழுக்கச் சாம்பிராணி வாசத்தை இழுத்துக்கொண்டது. என் வீட்டுக்கென்று எடுத்துவைத்த பெட்டியைப் பிரித்து ஒரு துண்டு வாயில் போட்டபோதுதான் தெரிந்தது, பூஜையறையைத் தின்கிற மாதிரி இருந்தது. நெய்ப் பலகாரம் பக்கத்தில் எது இருந்தாலும் அந்த வாசத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த மைசூர்பாகு போன ஆறு வீட்டுக்கும் போன் செய்து சொல்லி, மறுபடி செய்து கொடுத்தேன். இப்போதும் விளக்கு, திரி, சாம்பிராணி கொடுக்கிறேன், ஆனால் தனித் துணிப்பையில், பெட்டிக்கு வெளியே கட்டி.

மழையைப் பற்றிச் சொல்லாமல் தீபாவளிப் பலகாரத்தைப் பற்றிப் பேச முடியாது. எங்களுக்கு வடகிழக்குப் பருவமழை நேரத்தில்தான் தீபாவளி வரும். காற்றே ஈரமாக இருக்கும்போது முறுக்கு நமுத்துப்போவதற்கு அரை நாள் போதும். சூட்டோடு கவரில் போட்டால் ஆவி உள்ளேயே தண்ணீராக நின்று நமுத்துவிடும், ஆறட்டும் என்று ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் மழைக்காற்றில் நமுத்துவிடும். கையில் எடுத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறியதும், முக்கால் மணி நேரத்துக்குள், இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் போட்டுவிட வேண்டும். கவரில் போடுவது கடைசி நாள் வேலை. கவர் ஒட்டும் சின்ன மெஷின் ஒன்று வாங்கினேன், அதற்குச் செலவழித்த பணம் ஒரே தீபாவளியில் வசூலாகிவிட்டது. மிக்சரில் போடும் கறிவேப்பிலை சருகு மாதிரி நொறுங்க வேண்டும், ஒரு இலை பச்சையாக இருந்தால் அதைச் சுற்றி இருப்பதெல்லாம் இளகிவிடும். போன வாரம் வடை சுட்ட எண்ணெயில் பெட்டிப் பலகாரத்தைச் சுடாதீர்கள், நாலாம் நாளே சிக்கு வாடை வந்துவிடும்.

எதை எப்போது செய்வது என்பதை நான் தீபாவளியிலிருந்து பின்னால் எண்ணுகிறேன். பொடி வகையும் லேகியமும் பத்து நாள் முன்னால். முந்திரிக்கொத்து, அதிரசம் ஒரு வாரம் முன்னால், அதிரசம் சுட்ட அன்றைவிட மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் நன்றாக இருக்கும். முறுக்கு, தட்டை, சீடை நாலைந்து நாள் முன்னால். லட்டு, மைசூர்பாகு மூன்று நாள். பால் சேர்ந்த எதையும் நான் பெட்டியில் வைப்பதில்லை. ரவா லட்டு பிடிக்கப் பால் தெளித்தால் உருண்டை சுலபமாக வரும், ஆனால் மூன்று நாளைக்கு மேல் நம்ப முடியாது. நெய்யை மட்டும் சூடாக ஊற்றிப் பிடித்தால் கை சுடும், உருண்டை கொஞ்சம் உதிரும், ஆனால் இரண்டு வாரம் இருக்கும். தேங்காயும் அப்படித்தான். முந்திரிக்கொத்துக்குத் தேங்காய்ப்பூவை வறுக்கும்போது நிறம் மாறினால் போதாது, கையில் எடுத்து நசுக்கினால் ஈரம் ஒட்டக் கூடாது. அந்தப் பொறுமை இல்லாத நாளில் தேங்காயை விட்டுவிட்டு எள்ளைக் கூட்டிப் போட்டுவிடுவேன்.

லேகியத்தைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அடுத்த வருடத்துக்கான போன் வருவதே அதற்காகத்தான். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், தனியா. நாட்டு மருந்துக்கடை அண்ணாச்சியிடம் தீபாவளி மருந்துச் சாமான் என்றால் அவரே கட்டிக் கொடுத்துவிடுவார். நான் வாணலியில் லேசாகச் சூடு காட்டி, ஊறவைத்து, மை மாதிரி அரைத்து, கருப்பட்டிப் பாகில் ஊற்றிக் கிண்டுகிறேன். நல்லெண்ணெயும் நெய்யும் மாறி மாறி விட வேண்டும். முதலில் எண்ணெயை இழுத்துக்கொண்டே போகும், அப்புறம் ஒரு நேரத்தில் அது எண்ணெயைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கரண்டியைத் தூக்கினால் மொத்தமாகச் சுருண்டு வருகிற அந்த நேரம்தான் பதம். இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் தேன். கண்ணாடிப் பாட்டிலைக் கழுவி வெயிலில் காய வைத்து, ஈரம் துளி இல்லாமல் இருந்தால்தான் உள்ளே ஊற்றுவேன். 100 கிராம் பாட்டில் ஒரு வீட்டுக்குப் போதும். ஆனால் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுப் பாட்டிலில் "பிள்ளைகளுக்குச் சுண்டைக்காய் அளவு மட்டும், கைக்குழந்தைக்கு வேண்டாம்" என்று எழுதி ஒட்டிவிடுகிறேன்.

எழுதி ஒட்டுவதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பெட்டிக்கு மேலே ஒரு சீட்டு, அதில் என்ன இருக்கிறது, என்று செய்தது, எதை முதலில் சாப்பிட வேண்டும். ஜெல் பேனாவில் எழுதாதீர்கள், ஒரு சொட்டு மழைக்கே கரைந்துவிடும், சாதா பால்பாயிண்ட் பேனா நிற்கும். இன்னொரு பக்கம் அந்த வீட்டுக்கென்று இரண்டு வரி எழுதுவேன். அச்சடித்த வாழ்த்து அட்டை நான் வைப்பதில்லை. அத்தைக்கு நான் எழுதியது "எல்லாமே மெத்துனு இருக்கு, ஒண்ணுகூடக் கடிக்க வேண்டியதில்ல." அந்தச் சீட்டை அவர் இன்னும் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறார்.

வெளியூருக்கு அனுப்புவது வேறு வேலை. ஒரு கூரியரில் சென்னைக்கு அனுப்பிய தேன்குழல் மாவாகப் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் வெளியூர்ப் பெட்டிக்குச் சீடை, தட்டை, காராசேவு. தேன்குழல் கேட்டே தீருவார்கள் என்றால் வெண்ணெயைப் பாதியாகக் குறைத்துப் பிசைவேன், வாயில் கரையாது, ஆனால் முழுசாகப் போய்ச் சேரும். ஓலைப்பெட்டியை அப்படியே அனுப்பக் கூடாது, அதைவிட இரண்டு அங்குலம் பெரிய அட்டைப்பெட்டிக்குள் வைத்து, இடைவெளியைத் துணியால் இறுக்கி, ஆட்டிப் பார்த்தால் சத்தம் வராத அளவுக்கு ஆனபிறகுதான் ஒட்ட வேண்டும். அல்வா அனுப்பினால் வெண்ணெய்த் தாள், அதற்கு மேல் கவர், அதற்கு மேல் டப்பா. எங்கள் ஊர் அல்வாவின் நெய் எந்தத் தாளையும் தாண்டி வெளியே வரும்.

2022-இல் தெரிந்தவர்கள் பணம் கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். 15 பெட்டிக்கு ஒத்துக்கொண்டேன். விற்பது என்றால் வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பித்தேன், அப்போது வருடத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம். விலை போட்டபோது சாமானையும் பெட்டியையும் மட்டும் கூட்டி, கேஸ், ஆட்டோ, உதவிக்கு வந்த அக்காவின் கூலி எல்லாவற்றையும் விட்டுவிட்டேன், அதனால் அந்த வருடம் கையில் நின்றது ஒன்றுமில்லை. இப்போது சாமான் செலவு எவ்வளவோ அதில் பாதியை மேலே சேர்த்துத்தான் விலை சொல்கிறேன். ஆர்டர் கொடுப்பவர்களிடம் மூன்று கேள்வி கேட்பேன்: வீட்டில் யார் யார், என்ன ஆகாது, எந்தத் தேதியில் பிரிப்பார்கள். மூன்றாவது கேள்வியை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அலுவலகத்தில் வியாழக்கிழமை கொடுக்கும் பெட்டியை ஒருவர் ஊருக்குப் போய் ஞாயிற்றுக்கிழமைதான் பிரிப்பார், அதற்கேற்ற பலகாரம் வேண்டும். ஒரு நிறுவனத்தில் 100 பெட்டி, எல்லாம் ஒரே மாதிரி வேண்டும் என்று கேட்டார்கள். மறுத்துவிட்டேன். பணத்தை விட்டது வீட்டில் சிலருக்கு வருத்தம்தான், ஆனால் அந்த நூறு பேரில் ஒருவர் முகம்கூட எனக்குத் தெரியாது, அதை என்னால் செய்ய முடியவில்லை.

2023 தீபாவளி முடிந்ததும் கிறிஸ்துமஸ் பெட்டிக்கு வேலை ஆரம்பித்திருந்தேன். எங்கள் ஊரில் கிறிஸ்துமஸும் எல்லார் வீட்டுக்கும் பலகாரம் போகிற பண்டிகைதான். என்னோடு முன்பு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தாழ்வான தெருவில் இருக்கிறார், அவருக்கு அச்சு முறுக்கும் பழக்கேக்கும் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். டிசம்பர் 17, 18-இல் வந்த மழை திருநெல்வேலி, தூத்துக்குடி என்று எங்கள் இரண்டு மாவட்டத்தையும் புரட்டிப்போட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல். தாமிரபரணி ஜங்ஷன் பக்கம் வரை ஏறி வந்தது. தண்ணீர் வடிந்து நாங்கள் போனபோது டீச்சர் வீட்டுச் சுவரில் என் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக்கோடு இருந்தது, அரிசி, பருப்பு, பாத்திரம், பாய் எல்லாம் வாசலில் கிடந்தது. திரும்பி வந்து அச்சு முறுக்கு என்ற வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். தீப்பெட்டி நாலு, மெழுகுவர்த்தி ஒரு டஜன், பால் பவுடர், டீத்தூள், சீனி, ரொட்டி, இரண்டு துண்டு, உள்பாவாடை ஒன்று, சோப்பு. இந்தத் தடவை சோப்பு முதலில் தனிக் கவரில். பெட்டி பத்தாமல் பெரிய ஓலைக் கூடையான கடகத்தை எடுத்தேன். அச்சு முறுக்கு பத்தை மட்டும் ஒரு டப்பாவில் போட்டு ஓரத்தில் வைத்தேன், கிறிஸ்துமஸ்தானே.

எங்கள் பக்கம் பாத்திரத்தையோ பெட்டியையோ வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் டீச்சரும் அவர் மகனும் வண்டியில் வந்தார்கள். கடகத்தைக் கழுவிக் காயவைத்து, விளிம்பில் அவிழ்ந்திருந்த நாரைக்கூடத் திரும்பக் கட்டியிருந்தார். உள்ளே மண் ஒட்டிய பனங்கிழங்கு இரண்டு கட்டு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை, இன்னும் வீட்டில் ஒட்டடையும் சேறும் எடுத்து முடியவில்லை என்று கிளம்பிவிட்டார். அவர் போனதும் நோட்டை எடுத்து அவர் பக்கத்தில் எழுதினேன்: பையன் பனங்கிழங்கு தின்ன மாட்டானாம், அவனுக்குத் தட்டை பிடிக்குமாம்.